இச்சிரோவின் வலக்கால்

ஜப்பானிய பேஸ்பால் ஆட்டக்காரர் இச்சிரோ சுஸுகியின் பழைய காணொளி ஒன்றை இன்று காலை திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். கண் மட்டையின் பக்கம் போகவே இல்லை, அவருடைய வலக்காலிலேயே நின்றுவிட்டது.

பந்து வருவதற்குள் அந்தக் கால் தரையை விட்டு எழுந்து, சுவர்க்கடிகாரத்தின் ஊசலைப் போலப் பின்னால் சென்று, முன்னே வீசி ஊன்றுகிறது. உடலின் எடை முழுவதும் அதனோடு நகர்கிறது.

அவர் ஆடிய ஓரிக்ஸ் புளூவேவ் அணியின் அன்றைய மேலாளர் ஷோஸோ டோய்க்கு இந்தப் பாணி பிடிக்கவில்லை. 1993-இல் பந்துவீச்சாளர் ஹிடியோ நோமோவின் பந்தில் தன் முதல் ஹோம் ரன்னை (பந்தை வேலிக்கு அப்பால் அனுப்பும் அடி) அடித்த இளைஞர் இச்சிரோ, அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இரண்டாம் அணியிலேயே கழித்தார்.

1994-இல் மேலாளராக வந்த அகிரா ஓகி காலை மாற்றச் சொல்லவில்லை, பெயரைத்தான் மாற்றினார். சுஸுகி என்ற குடும்பப்பெயர் ஜப்பானில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் என்பதால், சட்டையின் முதுகில் 'இச்சிரோ' என்று மட்டும் எழுதவைத்தார். (நல்ல விளம்பர மூளை!)

அந்தப் பருவத்தில் 130 ஆட்டங்களில் 210 ஹிட்டுகள் (பந்தை அடித்து, ஆட்டமிழக்காமல் தளத்தை எட்டும் அடிகள்), சராசரி 0.385, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 385 ஹிட்டுகள் என்ற கணக்கு. பத்து வாய்ப்புக்கு மூன்று அடித்தாலே கொண்டாடப்படும் விளையாட்டில், ஒரே பருவத்தில் 200 ஹிட்டுகளை எட்டிய முதல் ஜப்பானியத் தொழில்முறை ஆட்டக்காரராக அவர் ஆனபோது வயது 20.

டோயைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பாடமுறையில் ஊறிய எந்தக் கண்ணுக்கும் அந்த அசைவு பிழையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஆனால் அதே இரண்டாம் அணியில், இச்சிரோவோடு சேர்ந்து அந்தக் காலசைவை வளர்த்தெடுத்தவர் பயிற்சியாளர் கெனிச்சிரோ கவாமுரா. ஓகியைப் பற்றிப் பேசும் அளவுக்கு அவரைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை?