ஜூபல் எர்லியின் தாள்கட்டு: வகைப்படுத்தும் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4

ஜூபல் எர்லி என்றதும் அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 ஜூலையில் வாஷிங்டன் நகரின் வாசல்வரை படையோடு வந்த தென்னகத் தளபதிதான் (தென்னகம் என்பது பிரிந்துபோன தென் மாநிலங்கள்) நினைவுக்கு வருவார். அதற்கு முன்பு வர்ஜீனியாவில், பிராங்க்ளின் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) ராக்கி மவுண்ட்டில், ஏறக்குறைய இருபது வருடம் அவர் வக்கீல். இடையில் 1847-48இல் மெக்சிகோ போருக்குப் போய்வந்தார். இப்படிப்பட்ட ஒருவரின் தாள்களில் முதலில் பார்க்க வேண்டியது போர்க்கடிதத்தை அல்ல, மடிப்பை.

அந்தக் கால வக்கீல்கள் தாளை மூன்றாக அல்லது நான்காக மடித்து, வெளியே தெரியும் பட்டையில் கட்சிக்காரர் பெயர், தாளின் வகை, தேதி எழுதி, வழக்கு வாரியாக நாடாவில் கட்டி வைப்பார்கள். அந்தக் கட்டுதான் வழக்கு. பிரித்துத் தேதிவாரியாக அடுக்கிவிட்டால் எந்த ரசீது எந்த வழக்குக்கு உரியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. நாடாவை அவிழ்ப்பதற்கு முன்பே கட்டுக்கு ஓர் எண், உள்ளே ஒவ்வொரு தாளுக்கும் வரிசை எண். பென்சிலில் மட்டும்.

ஆகஸ்ட் 6

மடிப்பு நீக்குதல். மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்) சேர்ந்தது. அன்னபேதி அளவு மீறியிருந்தால் மிஞ்சும் இரும்பும் அமிலமும் தாளை அரிக்கும். முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம், பிறகு பின்பக்கம் ஊடுருவும், கடைசியில் எழுத்திருந்த இடம் ஓட்டையாக உதிரும். ஈரம் கொடுத்தால் அந்த இரும்பு பக்கத்துத் தாள்பரப்புக்கும் பரவிவிடும்.

ஆகவே சோதனை முதலில். மிஞ்சிய இரும்பைக் காட்டிக்கொடுக்கும் பாத்தோபினாந்த்ரோலின் தாள் நறுக்கை லேசாக நனைத்து, மிகை நீரை ஒற்றி எடுத்துவிட்டு, எழுத்தின்மேல் அரை நிமிடம் அழுத்த வேண்டும். நறுக்கு இளஞ்சிவப்பானால் ஈரம் கூடாது. அந்தத் தாள் மடிந்தபடியே இருக்கட்டும். நிறம் மாறவில்லையென்றால் மூடியுள்ள தட்டில் ஈர உறிஞ்சுதாள், அதன்மேல் பிளாஸ்டிக் வலை, வலைமேல் கடிதம். ஒன்றிரண்டு மணி நேரத்தில் தாள் இளகும். பிறகு உலர்ந்த உறிஞ்சுதாள்களுக்கு நடுவே வைத்து மேலே பாரம். இதில் அடிக்கடி நடக்கும் தவறு மூடியின் உட்புறம் வியர்த்துக் கடிதத்தின்மேல் சொட்டுவது. மூடிக்குக் கீழே இன்னொரு உலர்ந்த உறிஞ்சுதாள் விரித்தால் போதும்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது. மெல்லிய பாலியெஸ்டர் படலத்தை ஊசிக்கும் தாளுக்கும் நடுவே நுழைத்து, ஊசியை அதன்மேல் நகர்த்த வேண்டும்.

ஆகஸ்ட் 11

தேதியில்லாத போர்க்கடிதங்கள். கடிதத்துக்குள் "இன்ஸ்ட்." என்றால் நடப்பு மாதம், "அல்ட்." என்றால் போன மாதம். உறை இருந்தால் தபால்தலையைப் பாருங்கள். தென்னகக் கூட்டமைப்பில் 1862 ஜூன் வரை 500 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10 சென்ட். ஜூலை 1 முதல் தூரம் எதுவானாலும் 10. ஒற்றை 5 சென்ட் தலையோடு வந்த உறை பெரும்பாலும் அதற்கு முந்தையது. தாள் பஞ்சம் முற்றியபோது பழைய உறையை உள்வெளியாகத் திருப்பி ஒட்டினார்கள், சுவர்க்காகிதத்தையும் வெட்டி உறையாக்கினார்கள். உட்பக்கம் பார்க்காமல் மூடிவிடாதீர்கள். அங்கே இன்னொரு முகவரி, இன்னொரு முத்திரை இருக்கும்.

ஆகஸ்ட் 13

இன்றைக்கு ஒரே வேலை, சொத்துப் பட்டியல். எர்லி காலத்து வர்ஜீனிய வக்கீலிடம் உயில், அடமானம், பாகப்பிரிவினை என்று எந்தக் கட்டைப் பிரித்தாலும் மாடு, கலப்பை, கட்டிலுக்கு நடுவே மனிதர்கள் வருவார்கள்: பெயர், சில சமயம் வயது, எதிரே விலை. பழைய பட்டியல்காரர்கள் இதையெல்லாம் "சொத்து ஆவணங்கள்" என்று ஒரே வரியில் முடித்தார்கள். அது பெரிய அநியாயம். அடிமைப்பட்டிருந்த பலருக்குத் தாளில் மிஞ்சிய ஒரே தடம் அந்த வரிதான்.

எர்லியின் அதே பிராங்க்ளின் கவுண்டியிலேயே சான்று உண்டு. 1861இல் ஜேம்ஸ் பரோஸ் என்பவரின் சொத்துப் பட்டியலில் புக்கர் என்ற சிறுவனுக்கு 400 டாலர் மதிப்புப் போட்டிருக்கிறது. அவர்தான் பின்னாளில் டஸ்கிகி கல்விக்கூடத்தைக் கட்டியெழுப்பிய புக்கர் டி. வாஷிங்டன். அவர் புகழ்பெற்றதால் அந்த வரியைத் தேடிப் போனார்கள். மற்றவர்களுக்கு நாம்தான் தேட வேண்டும். ஒவ்வொரு பெயரும் அட்டவணையில் தனிப்பதிவு: எழுதியிருக்கும் எழுத்துக்கூட்டல் அப்படியே, வயது, மதிப்பு, உரிமையாளர் பெயர், கவுண்டி, தேதி, கட்டு எண். தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே விலை போட்டிருந்தால் அந்தச் சேர்க்கையையும் குறியுங்கள். குடும்ப உறவைச் சொல்லும் சான்று வேறு கிடைப்பது அரிது.

ஆகஸ்ட் 18

போருக்குப் பிந்தைய கட்டுகள். அமெரிக்காவிலிருந்து பிரிவதா என்று முடிவெடுக்கக் கூடிய வர்ஜீனியாவின் 1861 மாநாட்டில் பிரிவினைக்கு எதிராக வாக்களித்தவர் எர்லி. தோற்றபின் மெக்சிகோ, கியூபா, கனடா என்று அலைந்து, 1866இல் டொராண்டோவில் போர் நினைவுக் குறிப்பை வெளியிட்டார். 1869இல் ஊர் திரும்பினார். 1873இல் தென்னக வரலாற்றுக் கழகத்தின் தலைவர். தென்னகத்தின் தரப்பை நிலைநாட்டுவதே கடைசிவரை அவருடைய வேலையாக இருந்தது. அப்படி வாதாடிய ஒருவர் எதை வைத்திருந்தார், எதைப் படியெடுத்தார் என்பதும் வாதத்தின் பகுதியே.

அதனால் மூலத்தையும் பிற்காலப் படியையும் கலக்கவே கூடாது. "1863" என்று தேதியிட்ட கடிதம் ஊதா நிற அனிலின் (செயற்கைச் சாய) மையில் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தப் படியெடுக்கும் மை 1870களில் பரவியது. தாள் பழுப்பேறி ஓரம் நொறுங்கினால் மரக்கூழ்த் தாள், பெரும்பாலும் பிற்காலத்தது. கந்தல்துணித் தாள் பெரும்பாலும் இன்னும் வளையும். ஊதா மைத் தாளை ஈரத்தட்டில் வைக்கவே வேண்டாம், எழுத்து கரைந்து படர்ந்துவிடும். அட்டவணையில் இரண்டு தேதிக்கும் தனித்தனிக் கட்டம்: கடிதம் சொல்லும் தேதி, தாளும் மையும் சொல்லும் தேதி.