108 மெகாபிக்சலும் ஒரு பாட்டும்

காலையில் போடிமெட்டு ஏறும் ஜீப்பில், ஏலத்தோட்டத்துக்குப் போகும் அக்கா என் புது போனைப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுல எஃப்எம் எடுக்குமா?" என்றார். எடுக்காது. இயர்போன் குத்தும் ஓட்டையே இல்லை. அந்த வயர்தானே எஃப்எம்முக்கு ஆண்டெனா! ஓட்டையை எடுத்தார்கள், கொடைக்கானல் வானொலியின் கோடைப் பண்பலை 100.5-உம் கூடவே போச்சு. அக்காவின் பட்டன் போனில் காய் எடுக்கும்போதெல்லாம் பாட்டு ஓடுகிறது.

பெட்டியில் 108 மெகாபிக்சல் என்று கொட்டை எழுத்து. சாதாரணமாக எடுத்தால் ஒன்பது பிக்சலைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படம்தான் வருகிறது. மங்கல் வெளிச்சத்தில் அது நல்லதுதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் நான் காசு கொடுத்தது அந்த 108-க்கு!

திரைக்கடியில் கைரேகையாம். சாரலில் நனைந்து ஏலக்காய்க் கறை ஏறிய விரலை அது ஒருநாளும் மதித்ததில்லை. நொடிக்கு 120 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையை 60-க்கு இறக்கிவிட்டேன், சார்ஜாவது கொஞ்சம் கூட நிற்கட்டும் என்று.

உருப்படியானது இரட்டை சிம்தான். மெட்டு தாண்டி ஒரு டவர் கைவிட்டால் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்.

சரி, இறங்கும்போது அக்கா சொன்னார்: "என் போனு மூணு நாளு சார்ஜ் நிக்கும் தம்பி." நான் கேட்கவே இல்லை.