தேர் நிலைக்கு வரும் இடம்: அண்டார்டிகா நாட்குறிப்பு

ஜனவரி 14, 2013
லார்ஸ்மன் குன்றுகள், இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம். பொங்கலன்று நாம் கும்பிடும் சூரியன் இங்கே மறையவே மாட்டேன் என்கிறது. ஜன்னலில் அட்டையை ஒட்டித்தான் தூங்குகிறோம்.

அம்மா தொலைபேசியில் கேட்டார்: "ஹைதராபாத் பக்கம் ஷாத்நகரில்தான் ஆண்டெனா இருக்கிறதே, பனிக்கு நடுவில் இன்னொன்று எதற்கடா?" பூமியைப் படமெடுக்கும் ரிசோர்ஸ்சாட்-2 போன்ற செயற்கைக்கோள்கள் துருவங்களை ஒட்டி நாளுக்குச் சுமார் 14 முறை சுற்றுகின்றன. அடியில் பூமியும் சுழல்வதால் ஷாத்நகர் பார்வைக்குச் சில சுற்றுகளே சிக்கும். இங்கே பெரும்பாலானவை சிக்கும். "தேர் எந்த வீதி சுற்றினாலும் நிலைக்கு வந்துதானே ஆக வேண்டும்" என்றேன். புரிந்துகொண்டார்.

ஜனவரி 19
நாள் முழுக்க அடித்தளத்துக்கு மட்டம் பார்த்தோம்.

பெறும் தரவை இந்தியாவுக்கு அனுப்பத் தனியாக ஒரு டிஷ் உண்டு. ஊரில் இந்த வகை டிஷ் அண்ணாந்து பார்க்கும். இங்கேயோ, நிலநடுக்கோட்டுக்கு மேலே நிற்கும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் நேர் வடக்கே இருந்தால்கூட அடிவானத்துக்கு மேல் 12 பாகைதான். குறுக்கே ஒரு குன்று நின்றால் கதை முடிந்தது.

ஜனவரி 27
பனிமேட்டிலிருந்து இறங்கும் காற்று காலையில் வெறிபிடித்து அடிக்கிறது, மாலையில் கொஞ்சம் ஓய்கிறது. 7.5 மீட்டர் ஆண்டெனாவை மூடிக் காக்கும் ரேடோம் என்ற உருண்டைக் கூண்டின் தகடு ஒவ்வொன்றும் அந்தக் காற்றில் பாய்மரம். எனவே எங்கள் காலைப்பொழுது மாலையில் விடிகிறது.

கையுறையோடு நட்டைத் திருக முடியாது. கழற்றினால் விரல் மரத்துப்போகிறது. இன்று ஒரு நட்டு நழுவிப் பாறை இடுக்கில் விழுந்தது. அண்டார்டிகாவில் எதையும் போட்டுவிட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். முக்கால் மணி நேரம் தேடினேன். அதற்குள் ஒரு ஸ்குவா கடற்பறவை என் ரொட்டிப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குச் சட்டம் ஏது?

ஜனவரி 30
காற்று. சீட்டாட்டம்.

பிப்ரவரி 5
உச்சித் தகடு இறங்கியது. கிரேன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினார், நாங்களும்தான். கடைசி போல்ட்டை முடுக்கியதும் காற்றின் இரைச்சல் வெளியே தங்கிவிட்டது. உள்ளே பேச்சு எதிரொலிக்கிறது. மூன்று வாரமாகக் கத்தியே பேசிய பழக்கத்தில் இப்போதும் கத்துகிறோம்.

பிப்ரவரி 9
நாளை கப்பலேறுகிறேன். முதல் படம் இறங்கும்போது நான் இருக்க மாட்டேன்; குளிர்காலத்துக்கும் தங்குபவர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. உபரிப் பெட்டியை ஒப்படைக்கும்போது நண்பர் எண்ணிப் பார்த்தார். "ஒரு நட்டு குறைகிறதே, சார்?"

டார்ச்சும் காந்தமும் எடுத்துக்கொண்டு மறுபடியும் பாறைக்குப் போகிறேன்.