சாக்குல இருக்கு சங்கதி

இன்று காலை கிருஷ்ணகிரி பழையபேட்டையில், ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து நாய்க்குப் பேன்சீப்பு போட்டு, உதிர்ந்த கறுப்புத்தூளை ஈர வெள்ளைத்துணியில் தட்டினார்.

தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது.

மண் என்றால் அப்படிக் கசியாது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம், நாயின் ரத்தம்தான். (உண்ணி வேறு. உண்ணி ஒட்டிக்கொள்ளும், தெள்ளு துள்ளும்.)

நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் தீராது. முட்டை ரோமத்தில் நிற்காது. நாய் படுக்கிற கேழ்வரகுச் சாக்கிலும் சிமெண்ட் தரை வெடிப்பிலும் உதிர்ந்துவிடும். முட்டையிலிருந்து வரும் புழு அங்கேயே கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுக்குள் மருந்து இறங்காது. மாதக்கணக்கில் கிடக்கும். ஊருக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் கணுக்காலில் கடிப்பது இதனால்தான்; நம் நடை அதிர்ந்ததும் கூட்டை உடைத்து வெளியே வரும்.

அந்தச் சாக்கை எரித்துவிடலாம். போர்வையை வாரம் ஒருமுறை 60 டிகிரி சுடுநீரில் அலசுங்கள். தினமும் மூலை முடுக்கெல்லாம் கூட்டி, குப்பையைச் சோப்புத் தண்ணீரில் கொட்டுங்கள். வீட்டிலுள்ள நாய், பூனை எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் மருந்து, கால்நடை மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில். மூன்று மாதமாவது விடக்கூடாது.

பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனைக்கு வைக்கவே கூடாது. வலிப்பு வந்து செத்தே போகலாம்.

"மிச்சம் ரெண்டு சொட்டுதானே" என்கிற சிக்கனம் அங்கே வேண்டாம்.