நாலு மைக்ரான் நாடா

நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக, உடல் திசுத் துண்டுகளை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவுவது என் வேலை. மே மாதம் வந்தாலே எனக்கு மெழுகுக் கவலைதான். ஏசி மக்கர் செய்கிற நாளில் பாரஃபின் பிளாக், அதாவது திசு பதித்த மெழுகுக் கட்டி, இளகி, மைக்ரோடோம் என்கிற சீவும் கருவியின் கத்தியில் அப்பிக்கொள்ளும். பிளாக்கை ஐஸில் வை, நாலு வெட்டு, மறுபடி ஐஸ். காலைப்பொழுது இப்படியே ஓடிவிடும்.

4 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலு பங்கு) கனத்தில் வெட்டினால் சீவல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நாடா மாதிரி நீளும். அதைத் தூரிகை நுனியால் தூக்கி, 45 டிகிரி வெந்நீரில் மிதக்கவிட்டால் சுருக்கமெல்லாம் விரியும். அப்போது மூச்சைக்கூட மெல்லத்தான் விடுவேன். ஒரு தும்மல் போதும், எல்லாம் போச்சு!

போன வாரம் கொழுப்பு நிறைந்த துண்டு ஒன்று என்னை அழவைத்துவிட்டது. திசு கெடாமல் காக்கிற ஃபார்மலினில் அது ஊறியது போதவில்லை. அவசரம் என்று சீக்கிரம் எடுத்தது நான்தான். ஃபார்மலினுக்குப் பிறகு ஆல்கஹால், அப்புறம் சைலீன் என்கிற கரைப்பான், கடைசியில் மெழுகு என்பதுதான் வரிசை. ஆல்கஹால் தண்ணீரை முழுசாக வெளியேற்றாத இடத்தில் சைலீன் இறங்காது, சைலீன் இறங்காத இடத்தில் மெழுகும் இறங்காது. வெட்டினால் நடுவில் ஓட்டை. மெழுகை உருக்கி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

மறுநாள் சாயமேற்றியபோது ஹீமடாக்சிலினில் செல்களின் உட்கருக்கள் நீலமாகவும், இயோசின் என்கிற இன்னொரு சாயத்தில் மற்றவை இளஞ்சிவப்பாகவும் வந்தன. ஹீமடாக்சிலின் மரக்கட்டையிலிருந்து எடுக்கிற சாயம் என்றால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எபிதீலியம் என்கிற மேலுறைத் திசு செங்கல் அடுக்கினாற்போல, இணைப்புத்திசு நார்நாராக. கொழுப்புச் செல்கள் மட்டும் வெறும் வெள்ளை வட்டங்கள். உள்ளே இருந்த கொழுப்பைச் சைலீன் கரைத்துக் கொண்டுபோயிருந்தது.