எல்க் வேட்டைக்கு எந்தக் குண்டு, எத்தனை கெஜம்?

வரும் செப்டம்பரில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அமெரிக்காவின் கொலராடோவுக்கு என்னோடு வர நினைக்கும் நண்பன் ஒருவன், தேசிய சேவையில் என் பக்கத்துக் கட்டில்காரன், வாட்ஸ்அப்பில் விடாமல் கேட்கிறான்: "மச்சான், மசில்லோடருக்கு எந்தக் குண்டு வாங்கணும்? எவ்வளவு தூரம் சுடலாம்?" தேக்காவில் டீ குடித்துக்கொண்டே பாதி சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். அக்காவும் அத்தானும் அங்கே குடியேறிப் பல வருடங்கள் ஆகின்றன. எனக்கு இந்த வேட்டையைக் கற்றுக்கொடுத்தவர் அத்தான்தான்.

முதலில் நாங்கள் மறக்க வேண்டியது, படையில் பழகிய தூரக் கணக்கை. எங்கள் காலத்தில் எம்16. 300 மீட்டரில் எழும் உருவ அட்டையை வெறும் இரும்புக் குறியை வைத்தே விழ வைத்திருக்கிறோம். அந்தத் துப்பாக்கியின் குண்டு 4 கிராம்கூட இருக்காது, விநாடிக்கு 900 மீட்டருக்கு மேல் பறக்கும். மசில்லோடர் பழைய பாணித் துப்பாக்கி, அதில் குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை வைத்து, கம்பியால் இறுக்கித் தள்ளுகிறோம். அந்தக் குண்டு 24 கிராம், வேகம் விநாடிக்குச் சுமார் 430 மீட்டர். கைக்குக் கிடைப்பது ஒரே வெடி. அடுத்ததற்குத் தயாராக அரை நிமிடமாவது வேண்டும். அதற்குள் எல்க் மலைக்கு அந்தப் பக்கம் போயிருக்கும்.

குண்டைத் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதியைச் சட்டமே செய்துவிடுகிறது. கொலராடோவில் எல்க்குக்கு .50 காலிபருக்கு, அதாவது அரை அங்குலக் குழல் விட்டத்துக்கு, குறையாத மசில்லோடர் வேண்டும். பிளாஸ்டிக் உறையில் சிறிய குண்டை வைத்துச் சுடும் சேபாட் கூடாது. நீளக் குண்டு என்றால் அதன் நீளம் விட்டத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. மாத்திரை மாத்திரையாக வரும் மருந்துக்கும் புகையில்லா மருந்துக்கும் தடை. மசில்லோடர் பருவத்தில் ஸ்கோப் என்னும் தொலைநோக்கிக் குறியும் கிடையாது, இரும்புக் குறிதான். எனக்கு இந்தக் கட்டுப்பாடுகள் பிடிக்கும். மனிதனை விலங்குக்குப் பக்கத்தில் போகவைக்கின்றன. ஆனால் விதிகள் மாறக்கூடியவை, அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படிக்காமல் குண்டுக்குக் காசு செலவழிக்காதே.

மீதிப் பாதியை முடிவு செய்வது உன் குழல். உள்ளே இருக்கும் முறுக்கு வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று பார். 60, 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கான குழல். 28 அங்குலம் என்றால் நீளக் குண்டுக்கு. அத்தானுடைய துப்பாக்கி, தாம்சன் சென்டர் ஹாக்கன், 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இரண்டுக்கும் நடுவில். இரண்டையும் ஓரளவு நன்றாகவே சுடும். ஆனால் எல்க்குக்கு நான் அதில் உருண்டை போடுவதில்லை. .490 அங்குல உருண்டையின் எடை 177 கிரெய்ன்தான் (ஒரு கிராம் என்பது சுமார் 15 கிரெய்ன்), சட்டம் கேட்கும் குறைந்தபட்ச எடையான 170ஐ மயிரிழையில் தாண்டுகிறது. உருண்டை காற்றில் சீக்கிரம் தளர்ந்துவிடும். கிளம்பும்போது 1,270 அடி-பவுண்டு ஆற்றல் இருந்தால் 100 கெஜத்தில் 450கூட மிஞ்சாது. 50 கெஜத்துக்குள், பக்கவாட்டில் நிற்கும் விலங்கின் நுரையீரலுக்கு அது போதும் என்று சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். மண்டாய்ச் சாலையோரம் இரவில் எட்டிப் பார்க்கும் சாம்பார் மானைப் பார்த்து அசந்துபோகிறோமே, அதைவிடப் பெரியது. அதன் தோள் எலும்பில் பட்டாலும் நிற்காமல் போகும் கனம் எனக்கு வேண்டும்.

அதனால் மேக்ஸி பால் என்ற நீளக் குண்டு, 370 கிரெய்ன், மென்மையான ஈயம். அதே ரகத்தில் ஹார்னடி கிரேட் பிளெயின்ஸ் 385 கிரெய்னும் சரிதான். இரண்டையும் உன் துப்பாக்கியில் சுட்டுப் பார், எது நெருங்கி விழுகிறதோ அதையே வை. மருந்து 90 கிரெய்ன். இதற்கு மேல் கொட்டினால் தோள் வலிக்கும், குண்டுகள் சிதறும், கிடைக்கும் வேகம் கொஞ்சம்தான்.

இனி தூரம். 90 கிரெய்ன் மருந்தில் மேக்ஸி பால் கிளம்பும்போது சுமார் 1,600 அடி-பவுண்டு, 100 கெஜத்தில் சுமார் 1,000. எல்க்குக்கு 1,500 வேண்டும் என்று ரைஃபிள்காரர்கள் சொல்லும் கணக்கை வைத்தால், இந்தத் துப்பாக்கியை 20 கெஜத்துக்குள்ளேயே கீழே வைத்துவிட வேண்டும். அந்தக் கணக்கை நான் இங்கே ஏற்கவில்லை. அரை அங்குல அகலத்தில் உள்ளே நுழையும் கனத்த ஈயம் ஆழமாகப் போகிறது, பல சமயம் மறுபக்கம் வெளியே வருகிறது. தூரத்துக்கு எல்லை போடுவது ஆற்றல் அல்ல, குண்டு விழும் வளைவு. 100 கெஜத்துக்குக் குறி சரிசெய்திருந்தால் 50இல் இரண்டு மூன்று அங்குலம் மேலே படும், 125இல் நாலைந்து அங்குலம் கீழே, 150இல் பத்துப் பதினோரு அங்குலம் கீழே. மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று 100 கெஜத்தில் ஐந்து அங்குலம் தள்ளும், 150இல் பதினோரு அங்குலம். இரண்டையும் சேர்த்துப் பார். 150 கெஜத்தில் இருப்பதை 125 என்று நினைத்துவிட்டால் குண்டு நுரையீரலுக்குப் போகாது, காலுக்கோ வயிற்றுக்கோ போகும். அடிபட்ட எல்க் மைல் கணக்கில் நடக்கும், எங்கோ கிடந்து சாகும். எனக்கு அது தாங்காது.

கண் ஏமாறுவதும் சுலபம். எல்க் பெரிய உடம்பு, மலைக்காற்று தெளிவு, 140 கெஜம் 90 மாதிரி தெரியும். குழல் நுனியில் இருக்கும் குறிமணி வேறு 100 கெஜத்தில் ஏழெட்டு அங்குலத்தை மறைத்துக்கொள்கிறது. என் எல்லை 100 கெஜம். அதுவும் உட்கார்ந்தோ மரத்தில் சாய்ந்தோ சுட்டால். நின்றபடி என்றால் 60. உன் எல்லையை நான் சொல்ல முடியாது. நடந்து மூச்சு வாங்கிய நிலையில், அழுக்கேறிய குழலோடு, ஐந்து குண்டுகளை எட்டு அங்குல வட்டத்துக்குள் எந்தத் தூரம் வரை வைக்கிறாயோ அதுதான் உன் எல்லை.

100 என்பது குறைவு என்று நினைக்காதே. செப்டம்பர் நடுவில் இணை சேரும் பருவம். ஆண் எல்க் கூவும், பெண் குரலை ஊதினால் தேடி வரும். "மாப்ளே, மூச்சை விடாதே" என்று அத்தான் காதருகில் சொன்னபோது கொம்பு ஆடுவது 40 கெஜத்தில் தெரிந்தது. காற்று நம் பக்கம் வீசும்படி உட்காரத் தெரிந்தால் தூரத்துக்கு அவசியமே வராது.

குண்டு பற்றி இன்னொன்று, இதை யாரும் சரியாகச் சொல்வதில்லை. நீளக் குண்டு குழலில் கைவிசைக்கே இறங்கும் அளவு தளர்வாக இருந்தால், வாயைக் கீழே பார்த்தபடி நாள் முழுக்கத் தூக்கி நடக்கும்போது மருந்தை விட்டு முன்னால் நழுவிவிடும். நடுவில் இடைவெளி விழுந்த நிலையில் சுட்டால் குழலே வெடிக்கலாம். கம்பியில் குண்டு உட்கார்ந்த இடத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொள், அவ்வப்போது உள்ளே விட்டுப் பார். மதிய இடிமழைக்குக் குழல் வாயில் டேப் ஒட்டு.

இங்கே துப்பாக்கியைத் தொட வழியில்லை என்று கவலைப்படாதே. தூரம் கணிப்பதைச் சிங்கப்பூரிலேயே பழகலாம். ஒரு கால்பந்துத் திடலில் கோலுக்கும் கோலுக்கும் இடையே சுமார் 100 மீட்டர், அதாவது 110 கெஜம். ஜாலான் புசார் அரங்கில் ஆட்டம் பார்க்கும்போது அந்த அளவைக் கண்ணில் ஏற்று. புளோக் படிகளைச் சுமையோடு ஏறு. புக்கித் தீமா 164 மீட்டர், நாம் நடக்கப்போவது 3,000 மீட்டர் உயரத்தில். 1949இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு வேட்டைப் பாதுகாப்புச் சான்றிதழ் கட்டாயம், உரிமக் குலுக்கலுக்கு ஏப்ரல் தொடக்கத்திலேயே விண்ணப்பிக்க வேண்டும். விமானச் சீட்டைப் பருவத்துக்கு ஒரு வாரம் முன்னதாகப் போடு. அத்தான் வீட்டுப் பக்கத்துச் சுடுதளத்தில் முதல் நாளே மேக்ஸி பாலையும் கிரேட் பிளெயின்ஸையும் 50 கெஜத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.