பன்னெண்டு இழைல எட்டுதான் ஓடுது

போன சனிக்கிழமை ஊர்ல இருந்தேன், திருபுவனம். ராத்திரி சாப்டுட்டு பெரியப்பாவோட திண்ணைல உக்காந்திருக்கேன், சென்னை டேட்டா சென்டர்லேர்ந்து போன். நைட் ஷிஃப்ட் தம்பி. "அண்ணே, ரெண்டு நெட்வொர்க் சுவிட்சுக்கும் நடுவுல புது எம்பிஓ கேபிள் போட்டேன், லிங்க்கே வரல."

எம்பிஓன்னா வெளிச்சம் ஓடுற கண்ணாடி இழை பலத ஒரே முனைல சேத்த கேபிள். முதல்ல முனைய க்ளீன் பண்ணியாடான்னு கேட்டேன். எம்பிஓ முனை 6.4க்கு 2.5 மில்லிமீட்டர்தான், அதுக்குள்ள 12 இழை வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுலயும் வெளிச்சம் ஓடுற நடுப்பகுதி வெறும் 50 மைக்ரான், ஒரு தூசி உக்காந்தா போச்சு, அதோடயே அழுத்தி சொருகினா எதிர் முனையும் கீறும். பண்ணிட்டேன்னான். லைட் வருதான்னு கண்ண வச்சுப் பாத்துடாதேன்னும் சொல்லி வச்சேன், 850 நானோமீட்டர் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனா கண்ணுக்குள்ள போகும்.

அப்பறம்தான் கவர்ல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். "டைப் ஏ, அண்ணே."

அட கடவுளே. சுவிட்சுல இருக்கறது 100ஜி எஸ்ஆர்4 மாட்யூல், கேபிள் சொருகுற, வெளிச்சம் அனுப்பி வாங்குற சின்னப் பெட்டி. ஒரு ஓரத்துல நாலு இழை அனுப்பும், மறு ஓரத்துல நாலு வாங்கும். டைப் ஏ-ல ஒண்ணாவது இழை எதிர்ப்பக்கமும் ஒண்ணாவதுதான், அப்ப அனுப்புறது அனுப்புறதோடயே மோதிக்கிட்டு நிக்கும். நேரா மாட்யூலுக்கு மாட்யூல் போட்டா டைப் பி வேணும், அதுல ஒண்ணு பன்னெண்டுக்குப் போகும். ரெண்டும் அதே அக்வா கலர், பாக்க ஒரே மாதிரி, இத கலர் மாத்தி செஞ்சா யாருக்கு என்ன நஷ்டமோ தெரியல. ஸ்டோர்ல டைப் பி தேடிப் போட்டான், ரெண்டு முனையும், இழைய நேருக்கு நேர் நிறுத்துற பின் இல்லாததான்னு பாக்கச் சொன்னேன், ஏன்னா மாட்யூல்லயே பின் இருக்கும். லிங்க் வந்துடுச்சு.

பெரியப்பா நாப்பது வருஷமா பட்டுத் தறில உக்காந்தவரு. என் பையில கெடந்த பழைய துண்டு கேபிள வாங்கி முனைய வெளக்குல திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"பாவு நூல் பிணைக்கறப்ப ஓரம் மாத்திப் பிணைச்ச மாதிரி. சரி, இந்தப் பக்கம் நாலு, அந்தப் பக்கம் நாலு. நடுவுல நாலு இழை?"

"சும்மா கெடக்கும் பெரியப்பா."

"சும்மாவா? காசு குடுத்து வாங்கிட்டா?"

எட்டு இழை கேபிளும் விக்கிறாங்கன்னு சொன்னேன். "அத வாங்கறதுதானே?"ன்னாரு. திங்கக்கிழமை பர்ச்சேஸ்ல கேக்கணும்.